கை எட்டாத தூரம்

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, பூசைக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, கோயிலின் இடப்பக்கக் கூரை ஒழுக ஆரம்பித்தது.

பாச்சாங்கில் இருக்கும் அந்தச் சின்ன மாதா கோயிலுக்கு ஒழுகுவது புதிதில்லை. ஆனால் எப்போதும் ஓரமாக ஒழுகும். இன்று பெஞ்சுகளின் மேலேயே கொட்டியது. இடப்பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வலப்பக்கம் வந்தாக வேண்டும். ஜெயமணி தன் பெஞ்சில் எவ்வளவு இடம் காலி என்று பார்த்தாள்.

அந்தக் கோயிலில் யாரும் யாருடனும் சண்டை போடுவதில்லை. இடம் மாறி உட்காருவார்கள். பூசையின் கடைசிப் பகுதியில், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லும் நேரம் ஒன்று வரும். சொல்லப் பிடிக்காத ஆளுக்குக் கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது. பாவமும் இல்லை, பகையை விட வேண்டியதும் இல்லை. அப்பாவின் வீட்டை விற்றுப் பிரிந்த அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள். பாட்டுக்குழுவின் பழைய தலைவிக்கும் புதிய தலைவிக்கும் நடுவே ஒரு தூண் இருந்தது. வாசலில் நின்று இடம் காட்டும் சுகுமாரனுக்கு இதெல்லாம் மனப்பாடம். புதிதாக ஒரு மனத்தாங்கல் வந்தால், யாரும் சொல்லாமலே அடுத்த ஞாயிறு வேறு பெஞ்சைக் காட்டுவார்.

ஜெயமணிக்கு வலப்பக்கம், பீடத்துக்கு அருகே. பிலோமினாவுக்கு இடப்பக்கம், வாசலுக்கு அருகே. அதைவிட அதிகத் தூரம் அந்தக் கோயிலுக்குள் கிடைக்கவில்லை.

இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே குடையில் பூசைக்கு வந்தவர்கள். ஒரு திருவிழாச் சாப்பாட்டின்போது பரிமாறும் பொறுப்பு பிலோமினாவிடம் இருந்தது. ஜெயமணி விடியுமுன் எழுந்து காய்ச்சிய பாயசத்தை அவள் சிராப் தண்ணீர் என்ற சிவப்புச் சர்பத் டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டாள். யார் கண்ணிலும் படவில்லை. பானை போனபடியே வீட்டுக்குத் திரும்பியது. ஜெயமணி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

கோயிலில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம் இன்று ஒருத்திக்கு மட்டும் தெரியக் கூடாது. அவள் ஜெயமணியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பெயர் காளியம்மா. புலாவ் செபாங்கிலிருந்து நேற்றுச் சாயங்காலமே வந்துவிட்டாள். அவள் மகள் திலகவதியைத்தான் கட்டுவேன் என்று ஜெயமணியின் மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். திலகவதிக்கும் சம்மதம். காளியம்மா மட்டும், "வந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தாள்.

மாரியம்மனா மாதாவா என்பது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. இரண்டு பேரும் அம்மாதானே என்றாள். உறுத்தியது வேறு. அதைக் காலையில் பசியாறும்போது கேட்டுவிட்டாள்.

"எம் பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்க்கா. கோவம் வந்தா கத்திடுவா. உங்க வீட்டுல கோவம் வந்தா என்னா செய்வீங்க?"

"மன்னிச்சிருவோம்," என்றாள் ஜெயமணி, தோசையைத் திருப்பிப் போட்டபடி. "எங்களுக்கு அதான் மொதப் பாடம். எங்க வீட்டுல சண்டைச் சத்தமே கேக்காது."

"சத்தமே கேக்காதா?" காளியம்மா தோசையைப் பிய்க்காமல் யோசித்தாள். "எங்க தோட்டத்து லயத்துல சண்டை வந்தா ரோட்டுல போற லோரிக்காரன் நின்னு பார்ப்பான். சாயங்காலம் சண்டை போட்டவளே வந்து டீத்தூள் கேப்பா. நானும் குடுப்பேன்."

"எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல," என்றாள் ஜெயமணி பெருமையாக.

இப்போது சுகுமாரன் ஒழுகும் இடங்களில் வாளி வைத்துவிட்டு, ஆட்களை வலப்பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார். பெஞ்சுகள் நிரம்பின. அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் மாட்டிக்கொண்டார்கள். பழைய தலைவி தூணைத் தேடினாள். தூண் அந்தப் பக்கம் இருந்தது.

ஜெயமணி சுவரோரம் இருந்தாள். அடுத்து காளியம்மா. நடைபாதைப் பக்கம் ஓர் ஆள் உட்கார இடம் காலியாக இருந்தது. ஜெயமணி காளியம்மாவைத் தாண்டிக் கையை நீட்டித் தன் கைப்பையை அங்கே வைத்தாள்.

பிலோமினா வந்து நின்றாள். தோளில் மழை. கைப்பையைப் பார்த்தாள், கைப்பைக்காரியைப் பார்த்தாள். பின்னால் சுகுமாரன் இரண்டு கையையும் விரித்தார்.

"இடம் இருக்கேக்கா," என்றாள் காளியம்மா.

"ஆள் வராங்க," என்று ஜெயமணி கிசுகிசுத்தாள்.

"யாரு?"

பீடத்துக்கு எதிரே உட்கார்ந்து பொய் சொல்ல வரவில்லை. "யாராவது."

"இதோ வந்துட்டாங்களே!" காளியம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காருங்கக்கா. நனைஞ்சு போய் நிக்கிறீங்க லா."

பிலோமினா உட்கார்ந்தாள். ஜெயமணி பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நீங்க இந்தக் கோயில்தானா?" என்று காளியம்மா பிலோமினாவைக் கேட்டாள்.

"பொறந்ததுல இருந்து."

"அப்போ இவங்களத் தெரிஞ்சிருக்குமே. ஜெயமணியக்கா."

"தெரியும்."

"இவங்க மகனுக்கு எம் பொண்ணக் கேக்குறாங்க. ஆள் எப்படி? கோயில்ல உக்காந்து பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் கேக்குறேன்."

ஜெயமணியின் கண் பாட்டின் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. பிலோமினா பீடத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"நல்லவங்க. கை சுத்தம். வீட்டுக்கு வந்த பொண்ண வயிறு வாட விட மாட்டாங்க."

"கோவம்?"

"ஒரு தடவகூட கத்தி நான் கேட்டதில்ல."

ஜெயமணி பிடித்திருந்த மூச்சை விட்டாள். அந்த மூச்சு முழுதாக இறங்குவதற்குள் பிலோமினா சேர்த்துச் சொன்னாள்.

"எதுக்குக் கோவம்னும் சொல்ல மாட்டாங்க. நாமளாத்தான் கண்டுபிடிக்கணும்."

காளியம்மா திரும்பி ஜெயமணியைப் பார்த்தாள். அதற்குள் மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

ஃபாதர் அந்தக் கோயிலுக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பீடத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்தார். காலியான இடப்பக்கம், நெருக்கியடித்த வலப்பக்கம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னைக்குத்தான் நீங்க ஒரே குடும்பமா சேர்ந்திருக்கீங்க!"

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வாளிக்குள் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் ஜெயமணியின் காதில் ஏறவில்லை. அடுத்து வரப்போவதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இருந்த இடத்திலிருந்தே கும்பிடலாம். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யலாம். தும்மல் வந்தாலும் நல்லது. பிறருடைய குற்றத்தைப் பொறுப்பது பற்றிய வரி செபத்தில் வந்தபோது அவள் அதைச் சொல்லாமல் இருமினாள். காளியம்மாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஓர் இருமல் வந்தது.

"ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்," என்றார் ஃபாதர்.

வலப்பக்கம் முழுக்கத் தடுமாறியது. அண்ணன் மேலே மின்விசிறியைப் பார்த்தான். தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பழைய தலைவி கைக்குழந்தை ஒன்றைக் கண்டுபிடித்து அதற்கே திரும்பத் திரும்பச் சமாதானம் சொன்னாள்.

"சமாதானம்னு சொல்லணுமா? அவ்ளோதானா?" காளியம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முன் பெஞ்சுக்குச் சொன்னாள். பின் பெஞ்சுக்குச் சொன்னாள். மின்விசிறியைப் பார்த்தவனைத் தோளில் தட்டிக் கூப்பிட்டுச் சொன்னாள். பிலோமினாவின் இரண்டு கையையும் பிடித்துச் சொன்னாள். ஜெயமணியின் கன்னத்தைத் தொட்டுச் சொன்னாள். பிறகுதான் கவனித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னும் சொல்லலியே," என்று வழிவிட்டு முதுகைப் பெஞ்சோடு ஒட்டிக்கொண்டாள்.

ஜெயமணிக்கு மகனின் முகம் ஞாபகம் வந்தது. காலையில் அவன் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு, "மா, இன்னைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டிருந்தான். அவள் கையை நீட்டினாள்.

"சமாதானம்."

பாயசத்துக்குப் பிறகு அவள் பிலோமினாவிடம் சொன்ன முதல் வார்த்தை அது. வறண்டு போய் வந்தது. மிச்சத்தைப் புன்னகையால் நிரப்பினாள். அந்தப் புன்னகை காளியம்மாவுக்கு நன்றாகத் தெரியும்படி முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

பிலோமினா கையைப் பிடித்தாள். மழையில் நனைந்த கை, சில்லென்றிருந்தது. மற்றவர்கள் கையை விட்டுவிட்டு முன்னே திரும்பினார்கள். பாட்டுக்குழு அடுத்த பாட்டைத் தொடங்கியது. பிலோமினா விடவில்லை. முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போல இருந்தாள்.

இரண்டு கைகளுக்கும் பின்னால் காளியம்மா அசையாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெயா, இது எனக்கா, சம்பந்தியம்மாவுக்கா?"