கட்டைவிரல் மட்டம்

கீழே எழுதியிருப்பதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சத்தியம் செய்கிறேன். எழுபத்தெட்டு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் அறுபதுக்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

நஸ்ருன்னிசாவின் பட்டறை மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. அவள் செய்வது ஒரே ஒரு பொருள்தான்: வாசுதேவர் கிண்ணம். சுட்ட மண் கிண்ணத்தின் நடுவில் வாசுதேவர் நிற்பார். தலையில் கூடை, கூடைக்கு வெளியே குழந்தைக் கண்ணனின் கால். தண்ணீர் ஊற்றினால் சமர்த்தாக ஏறும். குழந்தையின் கட்டைவிரலைத் தொட்டதோ இல்லையோ, யமுனை வழிவிட்ட மாதிரி அத்தனையும் அடியிலுள்ள ஓட்டை வழியே இறங்கிப் போய்விடும். வாசுதேவருக்குள் ஒரு வளைந்த குழாய் ஒளிந்திருக்கிறது. அதன் வளைவும் கட்டைவிரலும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். கண்ணனுக்குக் கால்விரல் உருட்ட நஸ்ருன்னிசாவை விட்டால் இந்த ஊரில் ஆளில்லை.

நான் தினமும் பத்து மணிக்கு அங்கே பேப்பர் படிக்கப் போகிறவன். ஒருநாள் தி.நகர் ஸ்ரீனிவாசராகவன் காரைவிட்டு இறங்கினார். கல்யாணங்களுக்குத் தாம்பூலப் பை, பரிசுப் பொருள் சப்ளை செய்பவர். நஸ்ருன்னிசாவின் கிண்ணங்களில் முக்கால்வாசி அவர் கடைக்குத்தான் போகும்.

“இதோ பாருங்கோம்மா, போன முகூர்த்தத்துல சம்பந்தி மாமா இதுல வழிய வழிய ரோஸ்மில்க் விட்டுண்டுட்டார். அவ்வளவும் பட்டு வேஷ்டியில. எங்காத்துக்கே போன் பண்ணித் திட்டறா. இனிமே ஓட்டை வேண்டாம். எம்சீல் வச்சு அடைச்சுக் குடுத்துடுங்கோ.”

“அடைச்சா அது வெறும் கிண்ணம் சார். பாண்டி பஜார் பிளாட்பாரத்துல கிடைக்கும், அங்கேயே வாங்கிக்குங்க.”

“அப்போ ரெண்டாயிரம் கிண்ணம் ஆர்டர் கேன்சல்!”

அந்த ஆர்டர் போனால் அவளுடைய கரண்ட் சூளை அன்றோடு அணைந்துவிடும். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அவளோ பிசைந்துகொண்டிருந்த மண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஒண்ணு பண்ணலாம் சார். இந்தக் கிண்ணத்துல எதை வேணா ஊத்துங்க. விளிம்பு வரைக்கும் ஒரு நிமிஷம் நின்னுச்சுன்னா, என் கையாலயே எல்லா ஓட்டையும் அடைச்சுத் தரேன். நிக்கலன்னா, ரெண்டாயிரத்தையும் ஓட்டையோட எடுத்துக்கணும்.”

“சாட்சி?”

“அதான் மாமா இருக்காரே. அவர் வாயில பொய்யே வராது.”

இதைச் சொல்லும்போது அவள் ஏன் சிரித்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஸ்ரீனிவாசராகவன் முதலில் தண்ணீர் ஊற்றினார். போயிற்று. மோர் ஊற்றினார். அதுவும் போயிற்று. அடுத்த வீட்டுக் காமாக்ஷி மாமியிடம் சேமியா பாயசம் வாங்கி ஊற்றினார். முந்திரி மட்டும் மேலே தங்கியது, அதை நான் சாட்சி என்ற முறையில் அப்புறப்படுத்தினேன். கடைசியில் இட்லி மாவு. மாவு சற்று யோசித்தது. பிறகு அதுவும் இறங்கிவிட்டது.

“ஓய், போற வேகத்தைவிட வேகமா விட்டா நின்னுதானே ஆகணும்?” என்று என்னைக் கேட்டார்.

“நியாயம்தான்” என்றேன்.

சந்து முனையில் நின்ற தண்ணீர் லாரியைக் கூப்பிட்டார். பன்னிரண்டாயிரம் லிட்டர். டிரைவர் சைஃப் ஹோசை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தான்.

“இன்னா நைனா, இத்தினிக்கூண்டு கிண்ணத்துக்கா லாரி? தல நல்லா கீதா உனுக்கு?”

“நீ விடுப்பா!”

விட்டான். கிண்ணம் ஏறியது, விரலைத் தொட்டது, குடிக்க ஆரம்பித்தது. நான்கு நிமிடத்தில் லாரி காலி. தண்ணீர் சந்து வழியாக ஓடித் தெப்பக்குளத்தில் சேர்ந்து, குளம் இரண்டு படி ஏறியது. அதோடு நின்றிருக்கவேண்டும். ஆனால் குழாய்க்கு வேகம் பிடித்துவிட்டது. லாரியின் டாங்க் பிஸ்கட் டப்பா மாதிரி உள்வாங்கத் தொடங்கியது.

“நைனா! வண்டிய உள்ள இஸ்துக்கினு கீது! ஓனருக்கு இன்னா பதில் சொல்லுவேன்?”

காமாக்ஷி மாமி ஜன்னல் வழியாகக் கத்தினாள்: “யாருடா அது, என் டபராவுல இருந்த காபியைக் காணோம்!” ஸ்ரீனிவாசராகவனின் நெற்றி வியர்வைகூடச் சட்டென்று வற்றிவிட்டது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

நஸ்ருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்தாள். கிண்ணத்தைத் தூக்கி, அடி ஓட்டையில் சுண்டுவிரலை வைத்தாள். எல்லாம் நின்றது.

“இதைத்தான் எம்சீல் போட்டு அடைக்கச் சொன்னீங்க” என்றாள்.

ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டாயிரமும் ஓட்டையோடயே எடுத்துக்கறேன். ஆனா சம்பந்திகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“சீட்டு ஒட்டித் தரேன் சார். ‘கட்டைவிரலுக்குக் கீழே நிறுத்தவும்.’ படிக்கத் தெரிஞ்ச சம்பந்தி தப்பிச்சுப்பார்.”

“படிக்காதவர்?”

“அவருக்கு வேஷ்டி நனையட்டும். கல்யாணத்துக்கு வந்தவங்க சிரிக்க வேணாமா?”

அவர் முதலில் முறைத்தார். பிறகு அவரே சிரித்து, ஆர்டர் தாளில் கையெழுத்துப் போட்டார். மறு முகூர்த்தத்திலிருந்து, வேஷ்டி நனைகிற கிண்ணம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்களாம். சூளை இன்றைக்கும் எரிகிறது. சந்துக்குள் போனால் சூடு முகத்தில் அடிக்கும்.

சாட்சிக் கூலியாக, அன்று லாரியைக் குடித்த அதே கிண்ணத்தை நஸ்ருன்னிசா எனக்கே கொடுத்துவிட்டாள். இதோ என் மேஜைமேல்தான் இருக்கிறது, நான் சொன்னதில் சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்ளலாம். முந்தாநாள் அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி இரண்டு நந்தியாவட்டைப் பூ மிதக்கவிட்டேன். இதுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை.