ஓடும் பம்பில் கால் சுற்று

எங்கள் தீவின் ரேவா ஆற்றில் எங்கள் தூர்வாரிக் கப்பல் ஞாயிற்றுக்கிழமை ஓடியது அந்த ஒரு வாரம்தான். மழைக்கு முன்னால் முகத்துவாரத்து மணலை அள்ளியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

காலை பத்தரை மணிக்குப் பம்பின் கிளாண்டில் கோளாறு. சுழலும் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கயிற்று வளையங்கள் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிய வேண்டும். வடியாவிட்டால் கயிறு கருகிவிடும். அன்று சொட்டவில்லை, பீச்சியடித்தது. பம்பை நிறுத்தினால் கரைக்கு மணல் கொண்டுபோகும் ஒரு கிலோமீட்டர் குழாயிலும் மணல் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே ஓட்டத்திலேயே, கயிற்றை அழுத்திப் பிடிக்கும் இரண்டு நட்டுகளையும் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்குவது எங்கள் வழக்கம். அதில் இலைசாவின் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது. சர்ச்சில் இருந்தவனைப் படகு அனுப்பி வரவழைத்தேன்.

இலைசா என் தங்கை அலுமிட்டாவின் கணவன். எங்கள் ஆட்களில் மச்சான்மார் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் பேசினால்தான் மரியாதைக் குறைவு. சட்டை, டை, முழங்காலுக்குக் கீழே தொங்கும் சுலு வேட்டி, அப்படியே ஏணியில் இறங்கி வந்தான். பம்பு அறையில் ஓவரால் தவிர வேறு உடை கூடாது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"என்ன மச்சான், பம்பைப் பொண்ணு கேக்க வந்தியா?"

"உன் தங்கச்சியவிட இதுக்குச் சத்தம் கம்மிடா."

"அப்ப பாவாடையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போ."

"உனக்குப் பொறாமை."

சிரித்துக்கொண்டே காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். நானும் சிரித்தேன். இடப்பக்க நட்டை முடுக்கியதும் பீச்சல் பாதி அடங்கியது. வலப்பக்க நட்டுக்காகத் தண்டைத் தாண்டி எட்டியபோது சுலுவின் ஓரத்தைத் தண்டு இழுத்துக்கொண்டது.

"நிறுத்துடா" என்றான். கத்தவில்லை.

நிறுத்தினேன். இன்ஜின் நின்றும் தண்டு நிற்கவில்லை. குழாயில் இருந்த தண்ணீர் திரும்பிப் பாய்ந்து அதைப் பின்பக்கமாகச் சுழற்றியது. நான் கத்தியால் துணியை அறுக்கும்போதும் அவனை இழுத்துச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கரை சேருமுன் படகிலேயே உயிர் போய்விட்டது.

சாயங்காலம் துக்கத்துக்குக் கொடுக்கும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன்.

"நீ பக்கத்துலதானேண்ணே இருந்தே? உடுப்ப மாத்திட்டு வரச் சொன்னியா?"

சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். விபத்து அறிக்கையில் அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார் கப்பல் இன்ஜினியர்.

"சொல்லல. கேலி பண்ணினேன்."

"அவரு சிரிச்சாரா?"

"சிரிச்சான்."

அலுமிட்டா சுருட்டிய பாயை என் பக்கம் தள்ளினாள். சாவு வீட்டுக்குக் கொண்டுவந்த பாயை யாரும் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"இதை எடுத்துக்கிட்டுப் போண்ணே" என்றாள்.