பாதியில் எழுந்தவன்

வலது தோளில் ஒட்டியிருக்கும் அரளிப்பூவிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கி, அம்மனின் முழங்கை வரை வந்து, அங்கேயே யோசித்துக்கொண்டு நிற்கிறது, இடது தோளில் இருக்கும் பூ அந்த அளவுக்குக்கூட மனம் வைக்கவில்லை, ஆணி அடித்ததுபோல் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அர்த்தநாரி பூசாரி இரண்டு பூவையும் தண்ணீரில் நனைத்து ஒட்டி, வலது விழுந்தா சரி, இடது விழுந்தா வேண்டாம், யாரும் தும்மிப்போடாதீங்க என்று சொல்லி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வெளியே போனார், இப்போது மணி பதினொன்றரை. எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் செல்லாண்டியம்மனிடம் இப்படிப் பூக் கேட்காமல் யாரும் கை வைப்பதில்லை, நான் கேட்க வந்தது கிணறு அல்ல, ஒரு குழந்தை. தத்தெடுக்கப் பெயர் எழுதிக் கொடுத்து மூன்று வருடம் கழித்து நேற்றுச் சாயங்காலம் குழந்தைகள் இல்லத்திலிருந்து போன், பதினோரு மாதப் பெண் குழந்தை, நாளைக்கு நாலு மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வரிசையில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்றார்கள், அந்த நாளை என்பது இன்று. பக்கத்தில் சுலோச்சனா, பதினேழு வருடமாக என் பெண்டாட்டி, தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, அர்ச்சனைத் தேங்காயைச் சில்லு சில்லாகக் கடித்துக்கொண்டிருக்கிறாள், வந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் பூவை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஏம்புள்ள, நீயும் கொஞ்சம் பாரேன் என்றேன், நீங்க பாருங், எனக்குத் தேங்கா இருக்குது என்றாள்.

காத்திருப்பது எனக்குத் தெரியாத வேலை இல்லை, மாட்டு வியாபாரி நான், எங்கப்பாரும் அதுதான், சந்தையில் வெயில் ஏற ஏற நிழலில்லாமல் நின்று, விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரே துண்டுக்குள் போய், வாய் ஊமையாகி விரல்கள் மட்டும் பேசும், இந்த விரலைப் பிடித்தால் இவ்வளவு, மடக்கினால் அதில் பாதி, பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. விலை படியலையா, எந்திரி என்பார் அப்பா, துண்ட ஒதறித் தோள்ல போடு, நாலு எட்டு வையி, திரும்பிப் பாத்துராத, அவனாக் கூப்புடுவான். மூன்றாவது எட்டில் கூப்பிடுவான், கூப்பிட்டிருக்கிறான், கூப்பிடாமல் போனால் செருப்பில் கல் ஏறியதுபோல் குனிந்து கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குள் கூப்பிட்டுவிடுவான், இருபத்தைந்து வருடத்தில் நான் குனிந்தது ஏழெட்டுத் தடவைதான் இருக்கும். டாக்டர்களிடம் இந்த வித்தை செல்லவில்லை, கோயமுத்தூரில் ஒருவர், சேலத்தில் ஒரு அம்மா, இன்னும் ஆறு மாசம் பாக்கலாம் என்பார்கள், ஆறு மாதம் போகும், மறுபடியும் ஆறு மாதம், பிறகு அம்மனிடம் வந்தேன், ஒரு கிடாய் என்றேன், பதில் இல்லை, மூன்று என்றேன், ஐந்தும் ஒரு மொட்டையும் என்றேன், எதிர் ஆளே இல்லாத ஏலத்தில் நானே கேட்டு நானே ஏற்றிக்கொண்டு போனேன், அவள் கல்லாக நின்றாள், சுலோச்சனா மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, எதுவும் பேசாமல், விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால், அல்லது இப்போதே, இதே தரையில், நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன், அன்றைக்கும் இரண்டு அரளிப்பூ, கொழுந்தியாள் கௌசல்யாவுக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றில் ஆறு மாதம், பொறக்கறது எதுவானாலும் அக்காளுக்கே குடுத்தர்றேன் மாமா என்று அவளே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள், சுலோச்சனா அழுதாள், நான் தலையை ஆட்டினேன், ஆனால் உள்ளுக்குள் வேறு கணக்கு, கைக்கு வந்த முதல் மாட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் வியாபாரியா, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நமக்கே பிறக்காதா, எதற்கும் அம்மனிடம் கேட்டுவிடலாம் என்றேன். அன்றைக்குச் சந்தை நாள், வெளியே வண்டியில் இரண்டு காங்கேயம் காளை, டிரைவர் ஹாரன் அடிக்கிறான், அரை மணி ஆயிற்று, பூ அசையவில்லை, முக்கால் மணி ஆயிற்று, எனக்குக் கோபம் வந்தது, அம்மன் என்று பார்க்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டேன், எழுந்தேன், நாலு எட்டு வைத்தேன். நானாகக் கூப்பிட மாட்டேன், நீயாகக் கூப்பிடு, ஒரு பூவைத் தள்ளு, எந்தப் பூவானாலும் சரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வாசற்படி வரை போனேன், அங்கே குனிந்து செருப்பில் இல்லாத கல்லைத் தேடினேன், பின்னால் ஒரு சத்தமும் இல்லை, காளை வண்டியிலிருந்து கத்தியது, ஏறிப் போய்விட்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சுலோச்சனா என்னங் ஆச்சு என்று வாசலிலேயே கேட்டாள், இடது என்றேன், ஒரே சொல், வாய் கூசவில்லை, சந்தையில் பல் பிடித்துப் பார்த்து வயதைக் குறைத்துச் சொல்வதுபோல் சொன்னேன். அவள் உள்ளே போய் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். கௌசல்யாவுக்குப் பெண் பிறந்தது, இப்போது மூன்றாம் வகுப்பு, லீவுக்கு வந்தால் சுலோச்சனா அவளை முன்னால் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைக்கிறாள், அந்த நேரம் பார்த்து எனக்குத் தொழுவத்தில் ஏதாவது வேலை வந்துவிடும்.

கண் சொக்குகிறதா என்று தெரியவில்லை, அம்மன் துண்டை விரித்துவிட்டாள், என் கை உள்ளே போகிறது, அவள் கையும் வருகிறது, கல் என்று நினைத்தால் சூடாக இருக்கிறது, நான் ஒரு விரலைப் பிடிக்கிறேன், பிறகு இரண்டு, மூன்று, அவள் எதையும் பிடிக்கவில்லை, மடக்கவில்லை, உதறவுமில்லை, கையை என் கைக்குள் சும்மா வைத்திருக்கிறாள், இவ்வளவு நேரம் பேசாமல் கை கொடுத்துக்கொண்டிருக்கிறவளிடம் என்ன விலை சொல்வது, எனக்கு வேர்க்கிறது. விழித்துப் பார்த்தால் பன்னிரண்டு மணி, பூ இரண்டும் இருந்த இடத்தில். திடீரென்று எனக்குப் பயம் வந்தது, பூ விழாது, நான் இங்கே இருக்கும்வரை விழாது, நான் சொன்ன பொய்யைத் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறவள் இன்னொரு தடவை எனக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும், நாலு மணி ஆகிவிடும், குழந்தை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சுலோ, அன்னைக்கு எடது பூ விழுகலை என்றேன். அவள் வாயில் இருந்த தேங்காயை மென்று முடித்தாள், தெரியுமுங் என்றாள்.

எப்புடித் தெரியும் என்றேன், அன்னைக்கே பொழுதோட பூசாரியார் பாலுக்கு வந்தாருங், யாவாரி பாதியில எந்திரிச்சுப் போயிட்டாரு, பூ ரெண்டும் அப்புடியே ஒட்டிட்டிருக்குது, எடுத்துப்போடட்டுமான்னு கேட்டாரு. எட்டு வருசமா ஒரு வார்த்தை கேக்கலையே என்றேன், கேட்டா நீங்க இன்னொரு பொய்யி சொல்லோணும், எதுக்குங் உங்களுக்கு செரமம், மொத ரெண்டு மாசம் சோறு போடறப்பெல்லாம் கரண்டிய உங்க மண்டையில போட்ரலாமான்னு இருந்துச்சு, கௌசல்யாகிட்டயே போயிச் சொல்லலாம்னும் கெளம்பினேன், அதுக்குள்ள அவ மாமியா தரமாட்டேன்னுட்டா, அப்பறம் ரோசனை பண்ணிப் பாத்தேன், வேண்டாம்னது நீங்க, அம்மன் இல்ல, அவ இன்னும் வாயே தொறக்கலை, தொறக்கறப்பத் தொறக்கட்டும்னு இருந்துட்டேன் என்றாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதைச் சொல்வதுபோலச் சொன்னாள். இன்னைக்கும் அவ வாய் தொறக்கலைன்னா, நாலு மணி தாண்டிட்டா என்றேன், நான் காலைல ஏழு மணிக்கே போன் பண்ணி, வந்து கூட்டிக்கறோம்னு சொல்லிட்டனுங் என்றாள். என்னக் கேக்காமயா. மூணு வருசத்துக்கு முன்னால ரெண்டு பேருந்தான கையெழுத்துப் போட்டோம், அப்பக் கேட்டதுதானுங். அப்ப இவகிட்டக் கேக்கறது என்று அம்மனைக் காட்டினேன். நேத்து அவங்களப் போன் பண்ண வெச்சதே அவதானுங், கையில குடுத்துப்போட்டுக் குடுக்கட்டுமான்னு கேப்பாளா. அப்பறம் எதுக்கு ஒம்பது மணியிலிருந்து தேங்காயத் தின்னுட்டு இங்க உக்கோந்திருக்கற என்றேன், அன்னைக்குப் பாதியில எந்திரிச்சீங்கல்ல, மீதிய உக்கார வேண்டாமுங்களா என்றாள்.

பூசாரி எட்டிப் பார்த்தார், யாவாரி, நடை சாத்தோணும், என்ன, இன்னைக்கும் பாதிதானா. வெளிய சாத்திட்டுப் போயி சாப்புட்டுட்டு வாங்க பூசாரியார், நாங்க உள்ளயே இருக்கறோம் என்றேன், பசிச்சா அப்பறம் கதவத் தட்டக்கூடாது என்றார், தட்டுல தேங்கா இருக்குதுங் என்றாள் சுலோச்சனா. கதவு சாத்தியதும் வெளிச்சம் வடிந்தது, விளக்கு வெளிச்சத்தில் அம்மனின் மூக்குத்தி மட்டும் தெரிந்தது. பேரு வெச்சுட்டாங்களா என்றேன், ரோஷிணியாமா என்றாள், ரோசினி என்று சொல்லிப் பார்த்தேன், என் வாய்க்கு அது ஒத்துவரவில்லை, நம்ம பக்கத்துப் பேரா மாத்திக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன், அந்தப் பேரச் சொன்னா திரும்பிப் பாக்குதாமுங் என்றாள், அப்ப அதே இருக்கட்டும் என்றேன். சொன்னதைச் சொன்னபடி நான் வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை, அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஒரு சில்லுத் தேங்காயை என் பக்கம் நீட்டினாள். இருட்டில் பூ தோளில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை, நானும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை, காலை நீட்டித் தூணில் சாய்ந்து, பல்லு மொளச்சிருக்குதாமா என்று கேட்டேன், ரெண்டுங், கீழ என்றாள்.