சிவப்பு விளக்கில் ஓர் இனிஷியல்

குளிர்கிடங்கின் கதவு தானாகச் சாத்திக்கொண்டபோது மீன் கூட்டுறவுச் சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அதனால் அந்தச் சத்தம் அவர் காதில் விழவில்லை. மனைவியின் காதில் விழுந்தது. ஓடிப்போய்த் தள்ளிப் பார்த்தாள். உள்பக்கக் கைப்பிடி போன வருஷமே உடைந்துவிட்டது. அதை மாற்றுவதைவிட, வெளியே பித்தளையில் தன் பெயரைப் பதிப்பதுதான் அவசரம் என்று தலைவர் முடிவு செய்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. காவலாளியைத் தவிர ஆளில்லை. இரண்டு பேருடைய போனும் காரில். கத்திப் பார்த்தார்கள், கம்ப்ரஸர் அவர்களைவிடப் பலமாகக் கத்தியது. மீன் பெட்டிகளுக்கு நடுவே அவள் மெல்லிய சால்வையோடு நின்றாள். விரல் நுனிகள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“பயப்படாதே,” என்றார், பல் தந்தியடிக்க. “இந்த சுவிட்சைப் போட்டா உள்ளே எரியற மாதிரி வெளியே கதவுக்கு மேலயும் சிவப்பு விளக்கு எரியும். அணைச்சு அணைச்சுப் போட்டு, மோர்ஸ் தந்திக் குறியில செய்தி அனுப்பறேன்.”

மோர்ஸ் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். சுவிட்சைத் தட்டினார். ஒவ்வொரு முறை அணைந்தபோதும், இனி எரியாது என்றே அவளுக்குத் தோன்றியது.

“என்ன அனுப்பறீங்க?”

“முதல்ல இனிஷியல். ஒய். ஜே. அப்புறம் பதவி.”

“ஏங்க, போன வாரம் மேடையில நீங்கதானே சொன்னீங்க? மோர்ஸை உண்டாக்கினவங்க அச்சுக்கூடத்துல எந்த எழுத்து எத்தனை இருக்குன்னு எண்ணிப் பார்த்தாங்க, இங்கிலீஷ்ல ஓயாம வர்ற ‘ஈ’க்கு ஒரே ஒரு புள்ளி, எப்பவாவது வர்ற ‘ஜே’க்கு ஒரு புள்ளியும் மூணு கோடும்னு. சேதி சீக்கிரம் போகத்தானே அப்படி வச்சாங்க?”

“அதுக்காக, யாருன்னு சொல்லாம எப்படி?”

“நீங்க யாருன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாம யாருமில்லாம போயிடுவோம்.”

கம்ப்ரஸர் ஓய்ந்தது. வெளியே காவலாளியின் குரல். காதில் இயர்போன் மாட்டியவர்கள் ஊருக்கே கேட்கும்படி பேசுவார்களே, அப்படி. கதவை இருவரும் குத்தினார்கள். அவனுக்குக் கேட்கவில்லை, அவன் பேச்சு மட்டும் இவர்களுக்குக் கேட்டது.

“மச்சான், இங்க சிவப்பு பல்பு லூஸா ஆடுதுடா. கழட்டி வச்சிட்டு வர்றேன், இரு.”

ஸ்டூல் இழுபடும் சத்தம். தலைவர் சுவிட்சுக்குத் திரும்பியிருந்தார், இன்னும் பதவியில்தான் இருந்தார். அவரைத் தள்ளிவிட்டுச் சுவிட்சைப் பிடித்தாள்.

குட்டையாக மூன்று. நீளமாக மூன்று. மறுபடி குட்டையாக மூன்று. ஆபத்துக் குறியான எஸ்.ஓ.எஸ்.ஸுக்கு அர்த்தமே கிடையாது, யாரும் தவறவிடாத தாளம் என்பதற்காகவே அதை வைத்தார்கள் என்பதும் அவர் பேச்சில் வந்ததுதான். அந்த உரையில் அவள் தூங்காமல் கேட்ட வரி அது.

ஸ்டூல் கிறீச்சிட்டது. ஏறிவிட்டான். அவள் விரலை நிறுத்தவில்லை.

“இருடா மச்சான். லூஸ் பல்பு இப்படி மூணு மூணா எண்ணுமா என்ன?”

கதவு திறந்தது. அவள் அப்படியே அவன் ஸ்டூலில் உட்கார்ந்து நடுங்கினாள். தலைவர் அவன் தோளைத் தட்டினார்.

“மோர்ஸ் படிச்சிருக்கே போல. என் இனிஷியலைப் பார்த்துத்தானே ஓடி வந்தே?”

“இனிஷியலா? அதைப் பார்த்துத்தாங்க ஐயா பல்பைக் கழட்ட வந்தேன்.”

அடுத்த வாரம் உள்பக்கம் புதுக் கைப்பிடி வந்தது. பக்கத்திலேயே பித்தளையில், அதைத் திறந்துவைத்தவர் பெயரும் வந்தது. அவள் அதைப் படிப்பதில்லை. உள்ளே காலை வைக்குமுன் கைப்பிடியை அழுத்திப் பார்க்கிறாள். மூன்று முறை.