குத்தாத ஊசி

சுகாதார அதிகாரிக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது ஊசிதான். ஆள் வாட்டசாட்டமானவர். அவர் தொண்டையைச் செருமினால் அலுவலகத்தின் கடைசி மேசைக்காரர்கூட எழுந்து நின்றுவிடுவார். ஆனால் ஒரு சின்னப் பிள்ளை ஊசிக்குக் கை நீட்டுவதைப் பார்த்தாலே போதும், அவருக்கு உள்ளங்கை வேர்க்கும், காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும். சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போனால் மரத்துப்போக ஊசி போடுவார்களே என்று, வருடக்கணக்காக ஒரு பக்கமே மென்று காலம் தள்ளுபவர். இந்த ரகசியம் தெரிந்தவர் அவர் மனைவி ஒருத்திதான்.

அப்படிப்பட்டவர் தலையில் வந்து விழுந்தது மூளைக்காய்ச்சல் தடுப்பூசித் திட்டம். மழை பெய்து ஓய்ந்து, வயலெல்லாம் தண்ணீர் தேங்கி, கொசு மொய்க்கிற காலம். அந்தக் கொசு கடித்து வைரஸ் மூளைக்கு ஏறிவிட்டால் பிழைப்பதே பெரும்பாடு. பிழைத்தாலும் பழைய ஆளாக எழுந்து வருவார் என்று சொல்ல முடியாது. போன வருடம் சில வீடுகளில் பிள்ளைகளையே பறிகொடுத்திருந்தார்கள். அப்படியும் ஜனங்கள் தடுப்பூசி என்றால் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"முதல்ல நீங்க போட்டுக்குங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள்.

நியாயமான பேச்சுதான். துரதிர்ஷ்டவசமாகத் தலைமை அலுவலகத்துக்கும் அது நியாயமாகப் பட்டுவிட்டது. முதல் ஊசி சுகாதார அதிகாரிக்கு, கேமராக்களுக்கு முன்னால் என்று உத்தரவு வந்தது.

பள்ளிக்கூட அரங்கில் மேடை போட்டிருந்தார்கள். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் அதிகாரி தடுப்பூசி நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், மூடியக் கழட்டாம சும்மா கையில வச்சு எடுத்துடுங்க. போட்டோ விழுந்தா போதும்."

"சார், மருந்து?"

"எனக்கெதுக்கு வீணா? ஒரு குழந்தைக்கு ஆகுமில்ல? தியாகம்னு வச்சுக்குங்களேன்."

மேலதிகாரி தியாகம் செய்தே தீருவேன் என்று நிற்கும்போது குறுக்கே விழ நர்ஸுக்கு என்ன தலையெழுத்தா? மேடையில் விரல்களால் மூடியை மறைத்துக்கொண்டு, சிரிஞ்சை அவர் தோளில் வைத்து எடுத்தாள். அதிகாரி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். மறுவாரமே அந்தச் சிரிப்பு தெருமுனைதோறும் பேனராகத் தொங்கியது. "எனக்கு வலிக்கவில்லை, உங்களுக்கும் வலிக்காது" என்று கீழே எழுதியிருந்தது. முதல் பாதி சத்தியமான உண்மை.

வேடிக்கை என்னவென்றால், பேனர் வேலை செய்தது. ஊசிக்குக் கூட்டம் அலைமோதியது. அதிகாரிக்கு நாளாக ஆகத் தாமே ஊசி போட்டுக்கொண்டதாகவே ஒரு நினைப்பு வந்துவிட்டது. சாப்பிடும்போது மனைவியிடம், "ஒருத்தன் முன்னாடி நின்னு தைரியமா போட்டுக்கிட்டாதான் நாலு பேரு பின்னாடி வருவான்" என்றார்.

"உங்க கையில பஞ்சு ஒட்டின தடம்கூட இல்ல" என்றாள் அவள். "ஊசியத்தான் குத்திக்கல, என் காதையாவது குத்தாம இருங்க."

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது தலைநகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி டாக்டர் வந்து இறங்கினாள். சின்ன வயசு, கையில் பெரிய பெட்டி. முதலில் ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். முதலிலும் முதல் ஆள் யார்? அதிகாரி வேலை என்றார், கூட்டம் என்றார், தலைவலி என்றார். அவள் சிரித்த முகம் மாறாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் படுக்கவைத்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. கண் விழித்தபோது, "காலையில சாப்பிடல, அதான்" என்றார்.

சில நாள் கழித்து அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"சார், நீங்க ஒரு அபூர்வம்!"

ஊரில் ரத்தம் கொடுத்த அத்தனை பேருக்கும் எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறியிருந்தது. அவருக்கு மட்டும் சுத்தமாக இல்லை.

"ஊசியில இருக்கறது வலுவிழந்த வைரஸ், சார். உடம்பு அதப் பார்த்து, இவன் திரும்பி வந்தா எப்படி அடிக்கணும்னு கத்துக்கும். லட்சத்துல ஒரு உடம்புதான் பாடமே ஏறாம நிக்கும். உங்க உடம்பு அப்படி. ஏன்னு கண்டுபிடிச்சா உலகத்துக்கே உபயோகம். வாரா வாரம் ரத்தம், இன்னொரு ஊசி, முடிஞ்சா இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் மஜ்ஜை..."

அதிகாரிக்கு முழி பிதுங்கியது. ஒரு குத்துக்குப் பயந்து தப்பித்தவருக்குக் குத்துகள் வரிசைகட்டி நின்றன.

அதற்குள் விஷயம் கசிந்துவிட்டது. "பெரிய ஆபீசருக்கே ஊசி வேலை செய்யலையாம்" என்று தேநீர்க் கடையில் பேச்சு. கூட்டம் மெலிந்தது. பிள்ளையைத் தூக்கி வந்த தாய்மார்கள் பாதி வழியில் திரும்பிப் போனார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளர் போனில் பிடித்தார்.

"மருந்து சரியில்லன்னு எழுத முடியாது. உங்க உடம்பு சரியில்லன்னு எழுதினா அசிங்கம். அந்த நர்ஸு குளிர்பெட்டிய ஒழுங்கா பார்த்துக்கல, மருந்து சூடாகி வீணாப் போச்சுன்னு எழுதிடலாம். அவங்களுக்கு ஒரு மெமோ கொடுத்துடுங்க."

"சார், மத்தவங்களுக்கெல்லாம் அதே பெட்டி மருந்துதான்..."

"யோசிக்காதீங்க. கையெழுத்துப் போடுங்க."

மெமோ மேசைக்கு வந்தது. நர்ஸும் வந்தாள்.

"மூடியக் கழட்டாததுக்குத்தான் மெமோன்னா வாங்கிக்கிறேன் சார். சூடாக்கினேன்னு சொன்னா எப்படி சார்? சொன்னபடி செஞ்சதுதானே நான் பண்ண தப்பு?"

அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். மெமோவில் கையெழுத்துப் போடவும் இல்லை, கிழித்தெறியவும் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அன்று சாயங்காலம் மனைவி, "நேரா போய் சொல்லித் தொலைங்களேன்" என்றதற்கும் அதே பதில்தான். அவர் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்காவது வெளியூர் போய் யாருக்கும் தெரியாமல் நிஜ ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டால், அடுத்த பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி தன்னால் தெரியும். தாமதமாக வேலை செய்தது என்று பூசி மெழுகிவிடலாம்.

விடுமுறை நாளில் தொப்பியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு பேருந்து ஏறினார். பக்கத்து ஊர் மருத்துவமனையில் பிள்ளைகளும் தாய்மார்களுமாக ஒரு சின்ன வரிசை. சுவரில் அவருடைய பேனரே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டியபடி நின்றார். முன்னால் இருந்த சிறுமி ஊசி வாங்கிக்கொண்டு, மிட்டாய் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவர் முறை வந்தது. கண்ணை இறுக மூடினார். ஊசி தோலைத் தொட்டதோ இல்லையோ, "அய்யய்யோ, அம்மா!" என்று கட்டடம் அதிர ஒரு அலறல். உட்கார்ந்திருந்த நாற்காலி பின்பக்கமாகச் சாய, நர்ஸின் கையைப் பிடித்துத் தொங்கினார். தொப்பி ஒரு பக்கம், முகக்கவசம் ஒரு பக்கம். எதிரில் ஒரு தாய் தன் குழந்தையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பின்னால் பேனர். பேனருக்குக் கீழே, அதே முகம்.

இரவுக்குள் அந்த வீடியோ எல்லார் போனிலும் ஏறிவிட்டது. ஊருக்கு மூளை இல்லையா என்ன? இப்படி அலறுகிற ஆள் அப்படிச் சிரித்தது எப்படி என்று ஒருவர் கேட்டார். சிரித்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்த இன்னொருவர், விரலிடுக்கில் மூடி தெரிகிறது என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மேலாளர் மீண்டும் போனில் பிடித்தார். "மக்கள் பயத்தப் போக்க ரெண்டாவது தடவ போட்டுக்கிட்டேன்னு அறிக்கை விடுங்க. மெமோ அப்படியே இருக்கட்டும்."

அதிகாரியின் தோள் விண்விண் என்று தெறித்தது. மேசைக்கு எதிரில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், நான் முதல் தடவையே போட்டுக்கல" என்றார். "அந்தம்மா மேல தப்பில்ல."

ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு ஒப்புக்கொள்வதற்குப் பெரிய வீரம் ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார். மெமோவை இரண்டாகக் கிழித்து நர்ஸ் கையிலேயே கொடுத்தார். அவள் நன்றி சொல்லவில்லை. மீதி ஊசி போட நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

நேரம் ஆகித்தான் இருந்தது. வாசலில் கூட்டம் திரும்பி வந்திருந்தது. "மருந்துல கோளாறு இல்லப்பா, அந்த ஆளுலதான்" என்று சிரித்துக்கொண்டே பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஆராய்ச்சி டாக்டருக்குத்தான் மனசே உடைந்துபோனது. அபூர்வ உடம்பு என்று பாதிக் கட்டுரை எழுதி வைத்திருந்தாளாம்.

ஊசி போட்டுக்கொள்ளாத குற்றத்துக்கு என்ன தண்டனை என்று துறையின் விதிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அப்படியொரு குற்றத்தை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கடைசியில் அவரைப் பயிற்சி நிலையத்துக்கு மாற்றினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவர் எடுக்கிற பாடம், பொதுமக்களிடம் நம்பிக்கை வளர்ப்பது எப்படி என்பது. நன்றாகவே எடுக்கிறார் என்று கேள்வி.