ஏழு தட்டுச் சீர்

சின்னசேலம் ரயிலடியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆறு பேர் வந்து இறங்கியபோது, அவர்களை அழைத்துப்போக வந்திருந்த உபதேசியார் சின்னதுரை கலங்கிப்போய் ரோட்டைப் பார்த்தார். எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைமறியல். வழிநெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ரயில் எப்படியோ வந்துவிட்டது. பஸ் ஒன்றுகூட இல்லை. சபை ஜீப்பின் டிரைவர் ஸ்டேஷனைத் தாண்ட முடியாது என்று கையை விரித்துவிட்டார். கல்வராயன் மலையில் பள்ளிக்கூடச் சுவர் எழுப்ப, ஊழியம் என்று டென்மார்க்கிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள். முதல் நாளே இந்த லட்சணம்.

ஆனால் உபதேசியாரின் கலக்கம் அதனால் மட்டும் இல்லை. மலைக்குப் போகிற வழியில் வடக்கனந்தல் இருக்கிறது. அங்கே அவருடைய ஒரே தங்கை கண்ணகியின் வீட்டில், அவள் மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அன்றைக்கு மஞ்சள் தண்ணி ஊற்றுகிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்மாமன் சேலைதான் முதல் சேலை. அந்தத் தாய்மாமன் இவர். இவரோ வேதத்துக்கு மாறி எஸ்தரைக் கட்டிய நாளிலிருந்து அந்த வாசலை மிதித்ததில்லை. மிதிக்கக்கூடாது என்று தங்கை மாப்பிள்ளை அரங்கநாதன் ஊரறியச் சொல்லியிருந்தார். இப்போதும் அழைப்பு இல்லை. விழுப்புரத்துப் பெரியப்பா மகன் நாராயணசாமியை மாமன் முறைக்கு நிறுத்தப்போகிறார்கள் என்று சேதி மட்டும் காதில் விழுந்தது. அப்படி ஒருவன் நின்றுவிட்டால் அதோடு தீர்ந்தது. நாளைக்கு அந்தப் பெண்ணின் கல்யாணத்திலும் இவருக்கு இடம் கிடையாது.

"போயி வாசல்ல நில்லுங்க. வாங்குனா வாங்கட்டும், இல்லன்னா திரும்பி வாங்க. ரத்தத்துல வந்த மொறைய ஞானஸ்நானத் தண்ணி கழுவிடுமா இன்னா?" என்று எஸ்தர்தான் பட்டுச்சேலை வாங்கிக் கையில் கொடுத்தனுப்பினாள். மகராசி.

மூட்டை முடிச்சையெல்லாம் ஜீப்பில் போட்டுவிட்டு நடப்பது என்று முடிவானது. சின்னதுரை மார்போடு அணைத்திருந்த பையைப் பார்த்து, அதில் என்ன என்று இங்கிரித் என்ற பெண் கேட்டாள். அவருக்கும் யாரிடமாவது சொல்லி அழவேண்டும் போலிருந்தது. தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சீர் என்றால் தட்டு வரிசையாக, உறவுமுறை சூழப் போகவேண்டும். ஒத்தை ஆளாகப் பையில் போட்டுக்கொண்டு போனால் அது சீர் இல்லை, சந்தைக்குப் போய்த் திரும்பினது என்றார்.

அவள் மற்றவர்களோடு ஏதோ பேசினாள். பிறகு ஆறு பேரும் தோள்பையைத் திறந்து ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டை எடுத்து நீட்டினார்கள். மலையில் சாப்பிடுவதற்காக உபதேசியாரே முந்தின வாரம் வாங்கிச் சற்றுமுன் கையில் கொடுத்த தட்டுகள். அவருடையதையும் சேர்த்தால் ஏழு. சீருக்கு ஒற்றைப்படைதான் ஆகிவரும். அவர் தன் தட்டையும் எடுத்து அவற்றோடு சேர்த்தார்.

பாதி சாத்தியிருந்த கடையில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, வெல்லம், பூமாலை, கண்ணாடி வளையல் என்று கிடைத்ததை வாங்கிப் பரப்பினார்கள். சேலையைத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். வெயிலில் அந்தப் பிள்ளைகள் தக்காளிபோலச் சிவந்து நடந்தார்கள். செருப்புக் கடித்தது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பெற்ற பிள்ளைகள்கூட அப்படி நடக்காது.

பாதி வழியில் ஒரு புளியமரம் சாலையை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் அரிவாளும் கோடாலியுமாக ஒரு கூட்டம். பிள்ளைகளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள். மார்டின் என்ற நெட்டைப் பையன் பயத்தில், தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தை ஒப்பித்தான்.

"வணக்கம். நாங்கள் உதவி செய்ய வந்தோம்."

"ஒதவியா? அப்ப அந்தக் கெளையப் புடிச்சி இழு," என்று கை காட்டினார் கூட்டத்தின் தலைவர் காசிநாதன். மார்டின் தட்டை இறக்கி வைத்துவிட்டு உண்மையாகவே இழுத்தான். ஓரத்துப் பக்கமாக இழுத்தான்.

"டேய், வழிய அடைக்கச் சொன்னா தொறக்கிறான் பாரு," என்றார் காசிநாதன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்த பிறகு யார்தான் அடிப்பார்கள்? "தட்டுல இன்னா?" என்று கேட்டார்.

"வடக்கனந்தல்ல தங்கச்சி பொண்ணுக்குத் தண்ணி ஊத்துறாங்க. மாமன் சீர்," என்றார் சின்னதுரை.

காசிநாதன் அரிவாளைக் கீழே வைத்தார். "மந்திரி வந்தாலும் வுட மாட்டோம். மாமன் சீர மறிச்சா நம்ம வூட்டுப் பொண்ணுங்களுக்கு ஆவாது. தூக்கி வுடுங்கடா."

ஏழு தட்டும் கைமாறிக் கைமாறி மரத்தைத் தாண்டின. ஒரு வெற்றிலைகூடச் சிந்தவில்லை.

வடக்கனந்தல் பந்தலில் ஆள் கம்மி. நாராயணசாமி வந்து சேரவில்லை. மாற்றிக் கட்ட மாமன் சேலை வராமல் செல்வி ஈரத்துணியோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். "எவனாவது ஒருத்தன் மொறைக்கு நில்லுங்கய்யா, பொண்ணுக்குச் சளி புடிச்சிக்கும்," என்று அரங்கநாதன் அலைந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் ஏழு தட்டும் வாசலுக்கு வந்தன.

"யாரு இவங்கல்லாம்?" என்றார் அரங்கநாதன்.

சின்னதுரை சேலைத்தட்டை உயர்த்திப் பிடித்தார். "எம் பங்காளிங்க, மாப்ள."

அரங்கநாதன் சிரிக்கவில்லை. இங்கிரித்தின் குதிகாலில் வழிந்திருந்த ரத்தத்தையே பார்த்தார். "எங்கேருந்து நடந்துக்கினு வரீங்க?"

"சின்னசேலத்துலேருந்து."

அரங்கநாதன் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு உள்பக்கம் திரும்பி, "கால் கழுவத் தண்ணி எடுத்தாங்க. மாமன் வந்துட்டாரு," என்றார்.

சேலை உடுத்தி வந்த செல்வியை மணையில் உட்கார வைத்தார்கள். ஒரு பெரியம்மா கற்பூரத்தட்டைச் சின்னதுரையிடம் நீட்டினாள். வேதக்காரர் கற்பூரம் காட்டக்கூடாது; அவர் கையை நீட்டவில்லை. இவ்வளவு தூரம் வந்து இதிலா முறியவேண்டும் என்று தங்கையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணகி வந்து அந்தத் தட்டைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"எங்க அண்ணனுக்கு இது வாணாம். மாலையப் போட்டுட்டு அது சாமிய அது கும்புட்டுக்கட்டும்."

மாலையைப் போட்டார். கண்ணை மூடி என்ன ஜெபித்தார் என்று அவருக்கே தெரியாது.

"நாராயணசாமி வந்திருந்தா?" என்று பந்தியில் மெல்லக் கேட்டார்.

"உளுந்தூர்பேட்டைல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்களாம். போட்ட மகராசனுங்க நல்லா இருக்கணும்," என்றாள் கண்ணகி, இலையில் சாதத்தைக் குவித்தபடி.

சீர்த்தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது. ஆறு தட்டிலும் அதிரசத்தை நிரப்பிப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். கொடுக்க வந்த பிள்ளைகள் வாங்கிக்கொண்டு நின்றன. சின்னதுரை தன் தட்டுக்குக் கை நீட்டினார்.

"ஒன்னுது இங்கியே கெடக்கட்டும்ணே. கல்யாணச் சீருக்கு எடுக்க வருவ இல்ல?" என்று சொல்லி, அதை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.