ஓரத்து மடிப்பு

வாஷிங் மெஷின் மேல் இருந்த வட்டத் தட்டின் ஈரத்துணியைத் தூக்கிப் பார்த்தாள் அக்தரி பேகம். பயந்தது சரியாகப் போயிற்று. மாவின் ஓரம் நாலு விரல் அகலத்துக்குத் தளர்ந்து, கீழே சரியப் பார்த்தது.

"இத யாரு ஃபிரிட்ஜுலேர்ந்து வெளிய எடுத்தது?"

"நான்தான் முமானி" என்றாள் ஆஃப்ரீன், நாத்தனாரின் மகள். "தண்ணி பாட்டில் வைக்க எடமில்ல. வர்றவங்க எல்லாம் ஜில்லுனு கேக்குறாங்க. ஏன், இன்னா அது?"

அக்தரி பாட்டில்களை இழுத்து வெளியே வைத்துவிட்டுத் தட்டை ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள். கூடத்தில் அவளுடைய கணவர் லியாகத் அலி வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். விடியற்காலைத் தொழுகை முடித்து நாற்காலியில் சாய்ந்தவர், டீயோடு அவள் வந்து பார்த்தபோது போய்விட்டிருந்தார். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் கிளம்புவது அவர் சுபாவம். கல்யாண வீடுகளிலும் அப்படித்தான், சாப்பிட்ட கையோடு காணாமல் போய்விடுவார்.

தட்டில் இருந்தது மேங்கோ பை, மாவுக்குள் மாம்பழத்தை வைத்து மூடி ஓவனில் சுடுகிற பலகாரம். காலையில் சுடலாம் என்று முந்தின நாள் அவர் செய்து வைத்தது.

லியாகத் அலி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். தோலின் ஓரத்தை மெலிசாகச் சீவி, உள்ளே மடித்து, சுருக்கமில்லாமல் தட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு வருஷம் கம்பெனிக்கு வந்திருந்த வெளிநாட்டு டெக்னீஷியன் கெஸ்ட் ஹவுஸில் ஞாயிறுதோறும் பை சுடுவார். அந்த ஆள் மாவின் ஓரத்தை மடிப்பதைப் பார்த்த லியாகத் அலிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "இது நம்ம ஃபோல்டிங் வேலைதானே, இதுக்குப் போய் இவ்ளோ பந்தாவா!"

ரிடையர் ஆன வாரமே ஓவன் வந்து இறங்கியது. முதல் நாலைந்து பைகள் செருப்புக்கு அடி வைக்க உதவியிருக்கும். தோலின் கனம் பார்க்கும் கேஜை வைத்து மாவை மூன்று மில்லிமீட்டருக்கு அளந்தார். வெண்ணெய் உருகாமல் இருக்க ஐஸ் தண்ணீரில் கையை முக்கி முக்கிப் பிசைந்தார். ஓரத்தை மடித்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தால் முப்பத்தாறு குழி விழும். முப்பத்தைந்து விழுந்தால் பிரித்துவிட்டு மறுபடியும் மடிப்பார். ஆவி போக மேல் மாவில் ஓட்டை போட, ஷூவில் பூ வேலை செய்கிற பஞ்ச் ஒன்றைத் தனியாகக் கழுவி வைத்திருந்தார். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் மூன்று வருஷமாக வெள்ளிக்கு வெள்ளி ஒரு பை பிறந்தது.

பையில் பாதிக்குப் பெரிய ஓட்டை, பாதிக்குச் சின்ன ஓட்டை. பெரிய ஓட்டைப் பக்கம் சர்க்கரை போடமாட்டார். "சுகர் இருக்கிற தோஸ்த் ஒருத்தனுக்கு" என்று அதில் ஒரு துண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். அந்த தோஸ்த் யார் என்று அக்தரி கேட்டதில்லை. அவளுக்கு அவள் பங்கு வந்தால் சரி. அதிலும் உள்ளே இருக்கிற மாம்பழத்தை மட்டும் தின்றுவிட்டு ஓரத்தைத் தட்டில் ஒதுக்கிவிடுவாள்.

"வேலையெல்லாம் ஓரத்துலதான் இருக்குது. அத வுட்டுட்டு எழுந்திரிக்கிற பாரு" என்று அதை எடுத்துத் தானே கடித்துக்கொள்வார்.

ஜும்ஆ தொழுகைக்கு முன்பாக ஆண்கள் வந்து ஜனாஸாவைத் தூக்கினார்கள். அக்தரி வாசல் நிலையோடு நின்றுகொண்டாள். இனி இத்தா; புருஷன் போனவள் நாலு மாதம் பத்து நாள் அந்த நிலையைத் தாண்டக் கூடாது. தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள். இந்த மூன்று வருஷத்தில், வெள்ளிக்கிழமையன்று கையில் பொட்டலம் இல்லாமல் அவர் அந்த முனை திரும்பியது இன்றைக்குத்தான்.

உள்ளே வந்தவள் நேராக ஃபிரிட்ஜைத்தான் திறந்தாள். தளர்ந்த இடம் மறுபடி இறுகியிருந்தது. முப்பத்திரண்டு குழிகள் தெளிவாக இருந்தன, நாலு மட்டும் மங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் சரியாகிவிடும். அவளுக்கு மனசு வரவில்லை.

அவளோடு கூடவே வந்து நின்றாள் பின்வீட்டு அம்பிகா. லியாகத் அலி இருந்த கம்பெனியில் அவள் இன்னமும் செக்கிங்கில் இருக்கிறாள். இன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பாய் செஞ்சதா அக்கா?"

"ம். மூணு நாள் போச்சுன்னா அடி ஊறிப் புளிச்சிடும். தூக்கித்தான் போடணும்." அக்தரி தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவரு கை பட்டது இதான் கடைசி அம்பிகா. இத குப்பையில போட என்னால முடியாது."

"இப்பவே சுட்டுடலாமே?"

"இந்த வூட்ல மூணு நாளைக்கி அடுப்பு பத்த வைக்கக் கூடாது."

இதைச் சொன்னது சமையலறை வாசலில் வந்து நின்ற அஜீஸுன்னிசா. லியாகத் அலியின் அக்கா, ஆஃப்ரீனின் அம்மா, அறுபத்தெட்டு வயசு, இரண்டு முட்டியும் தேய்ந்தவள். குடும்பத்தில் எந்த முறை எப்படி நடக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறவள் அவள்தான். ஆம்பளை மாவு பிசைவதாவது என்று தம்பியை மூன்று வருஷமாக ஊர் கேட்கத் திட்டியவளும் அவள்தான். ஒரு நாளும் அந்தப் பையை அவள் வாயில் வைத்ததாக யாரும் பார்த்ததில்லை.

"கரண்ட்டு ஓவன்தானே ஆபா" என்றாள் அக்தரி மெதுவாக.

"கரண்ட்டா இருந்தா இன்னா, சூடு சூடுதானே?"

அக்தரி தட்டைத் துணியால் மூடப் போனாள். அஜீஸுன்னிசா கையை நீட்டித் தடுத்தாள். தட்டைக் குனிந்து பார்த்தாள்.

"பெரிய ஓட்டைப் பக்கம் ஒண்ணும் ஆவலியே?"

அக்தரி நிமிர்ந்தாள். அஜீஸுன்னிசா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆபா... அந்த தோஸ்த்து..."

"வெள்ளிக்கெழம தொழுதுட்டு நேரா எங்க வூட்டுக்குத்தான் வருவான்" என்றாள் அஜீஸுன்னிசா. "யார்கிட்டயும் சொல்லாதடான்னு சத்தியம் வாங்கியிருந்தேன். வாய் கிழிய திட்டிட்டு, நல்லாருக்குதுன்னு எப்டி சொல்றது? நான் தின்னு முடிக்கிற வரைக்கும் எதிர்ல குந்தினு இருப்பான். இன்னைக்கும் வெள்ளிதானே."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்பிகா பக்கம் திரும்பினாள். பேச்சில் பழைய அதட்டல் வந்துவிட்டது.

"இந்த வூட்லதான் கூடாது. உன் வூட்ல கூடாதுன்னு யாருனா சொன்னாங்களா? ஓவனத் தூக்கு. ஆஃப்ரீன், அந்தப் பக்கம் புடி. யாராவது ஏதாவது கேட்டா என்கிட்ட அனுப்பு."

ஓவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் முன்னால் போக, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அஜீஸுன்னிசா பின்னால் போனாள். செருப்புப் போட மறந்துவிட்டாள். ஜூன் மாத வெயிலில் கொதித்த சிமெண்டுத் தரையில், தேய்ந்த முட்டியோடு, தட்டு ஆடாமல் அவள் போனதைக் கொல்லைக் கதவுக்கு உள்ளே நின்று அக்தரி பார்த்தாள். இந்த மனுஷியோடு முப்பத்தைந்து வருஷம் மல்லுக்கு நின்றிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அவளால் அங்கே போக முடியாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே மதில்தான். அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து அம்பிகா கத்தினாள்.

"அக்கா, எப்ப எடுக்கணும்? எனக்கு பேஜாரா கீது!"

"இன்னா கலர்ல இருக்குது?"

"சாயம் போடாத தோலு மாதிரி நேச்சுரல்தான். லேசா மஞ்ச அடிக்குது."

"பழுப்பா டேன் வரணும். டேன் வந்ததும் எடுத்துடணும்னு சொல்வாரு."

"எந்த டேன் அக்கா? லைட்டா, மீடியமா?"

அக்தரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "மீடியம். டார்க் பிரவுன் ஆனா ரிஜெக்ட்டு!"

"அத என்கிட்ட வுடுங்க" என்றது மதிலுக்கு அந்தப்புறம். "ஒரு நாளைக்கு ஆயிரம் ஜோடி ஷேடு பாக்குறேன்."

கொஞ்ச நேரத்தில் வெண்ணெயும் ஏலக்காயும் கலந்த வாசனை மதில் தாண்டி வந்தது. கூடத்தில் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு நொடி நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மறுபடி ஓதினார்கள். வெள்ளிக்கிழமை அந்தத் தெருவில் வழக்கமாக வருகிற வாசனைதான்.

கபரஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பி, பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுப் போனபிறகு, அம்பிகா பையைக் கொண்டுவந்தாள். நல்ல மீடியம் டேன். மங்கிய நாலு குழியும் சூட்டில் காணாமல் போயிருந்தன. மீதி முப்பத்திரண்டும் அவர் அழுத்தியபடியே இருந்தன.

எல்லாருக்கும் எதிரில், பெரிய ஓட்டைப் பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள் அஜீஸுன்னிசா. ஆஃப்ரீன் கண்ணை விரித்துப் பார்த்தாள்.

"அம்மா! நீயா?"

"இன்னாடி பாக்குற? என் தம்பி செஞ்சது" என்று சொல்லிவிட்டு மென்றாள். கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அக்தரியின் தட்டில் ஒரு துண்டு வைத்தார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாதவள், கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் தின்றாள். மாம்பழம் புளிப்பும் இனிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. தின்று முடித்து, பழக்கத்தில் ஓரத்தைத் தட்டின் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாள். வைத்துவிட்டு, கைகழுவ எழுந்து போனாள்.

ஆஃப்ரீன் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

"வுடு" என்றாள் அஜீஸுன்னிசா. "அது அங்கயே இருக்கட்டும்."